எண்ணத்தைப் பாதியிலேயே விடலாம்: தியானம் தொடங்குபவருக்கு ஓர் அறிமுகம்

தியானம் செய்து பார்த்து விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "உட்கார்ந்தால் மனசு நிற்கவே மாட்டேங்குது." கண்ணை மூடியதும் மளிகைக் கடை பாக்கி ஞாபகம் வருகிறது. பையனின் பரீட்சை வருகிறது. போன வாரம் ஆபீசில் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை வருகிறது. அதற்கு அன்றைக்கே என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் பளிச்சென்று தோன்றுகிறது. ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால், உட்காரும் முன் இருந்ததைவிடக் களைப்பு அதிகம். இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறார்கள்.

இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தோற்றுவிட்டோம் என்று அவர்கள் எழுந்துபோகும் அந்த இடத்தில்தான் தியானம் தொடங்குகிறது. மனம் ஓடிவிட்டது என்று தெரிந்துவிட்டது அல்லவா? அந்தத் தெரிதல்தான் பயிற்சி. எண்ணமே இல்லாத ஒரு நிலையை எதிர்பார்த்து உட்காருகிறோம். அதனால்தான் எண்ணம் வந்ததும் தோல்வி மாதிரித் தோன்றுகிறது. வருகிற எண்ணத்தை முடிவுவரை கொண்டுபோகாமல் பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குப் பழகுவது, இவ்வளவுதான் ஆரம்பக்காரர் செய்ய வேண்டியது. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், மனம் ஓடுவது யாருடைய குறையும் கிடையாது. ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரின் செல்போனில், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று கேள்வி வரும்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம், செய்யும் வேலை ஓரிடம், மனம் வேறிடம் என்றுதான் பதில் வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி. இன்னொன்றும் தெரிந்தது. மனம் அலையும்போது மக்கள் குறைவான மகிழ்ச்சியோடு இருந்தார்கள். இனிமையான விஷயத்தை நோக்கி அலைந்தபோதுகூட, செய்யும் வேலையிலேயே இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை.

மூளை விஞ்ஞானமும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய சகாக்களும் 2001இல் ஒன்றை எடுத்துச் சொன்னார்கள். வேலை எதுவும் கொடுக்காமல் ஒருவரை ஸ்கேன் கருவிக்குள் சும்மா படுக்க வைத்தால், மூளையின் சில பகுதிகள் ஓய்வெடுப்பதற்குப் பதிலாக மும்முரமாக வேலை செய்கின்றன. பழசை நினைப்பது, நாளையைத் திட்டமிடுவது, அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கணக்குப் போடுவது, இதெல்லாம் இந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சும்மா இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் மூளை "நான், எனக்கு, என்னை" என்று ஒரு கதையை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. நீண்ட காலம் தியானம் பழகியவர்களுக்கு இந்தப் பகுதிகளின் இயக்கம் தணிந்திருப்பதை 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

அந்தக் கதையோடு தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சன் குழு 2014இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு வெற்று அறை. போன் இல்லை, புத்தகம் இல்லை. 15 நிமிடம் உங்கள் எண்ணங்களோடு இருங்கள் என்றார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை முன்கூட்டியே ருசி காட்டி, இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று சொன்னவர்களையே கணக்கில் எடுத்தார்கள். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். வேறொன்றும் செய்ய இல்லாததால், வலியாவது பரவாயில்லை என்று. நாம் பஸ் வரும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் போனை எடுப்பதும் கிட்டத்தட்ட இதே வகைதான் என்று நினைக்கிறேன்.

சரி, உட்கார்ந்து பார்ப்போம்.

நாற்காலியோ, பாயோ, கட்டிலின் ஓரமோ, எதுவானாலும் சரி. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைப்பாக வேண்டாம். சப்பணம் போட முட்டி ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். அதனால் ஒரு புண்ணியமும் குறையாது. கையை மடியில் வையுங்கள். கண்ணை மூடுங்கள். மூக்கு நுனிக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். மூச்சு உள்ளே போகும்போது அங்கே ஒரு மெல்லிய குளிர்ச்சி படும். வெளியே வரும்போது லேசான சூடு. பெரும்பாலும் ஒரு மூக்குத் துவாரத்தில் காற்று தாராளமாகவும் இன்னொன்றில் அடைத்தாற்போலும் போகும். உள்ளே போன மூச்சு, வெளியே வரத் திரும்பும் முன் ஒரு நொடிக்கும் குறைவாகத் தயங்கும். இதையெல்லாம் மாற்ற வேண்டாம். ஆழமாக இழுக்க வேண்டாம், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை வைக்கவும் வேண்டாம். மூச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே தெரிந்துகொண்டிருப்பதுதான் வேலை.

மூன்று மூச்சு, நான்கு மூச்சு போகும். அதற்குள் பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடிக்கும். அது யாருடைய வண்டி என்று மனம் கேட்கும். எதிர் வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியது ஞாபகம் வரும். நம் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டிய தேதி வரும். சம்பளம் வரும். சம்பளத்தை ஏற்றித் தராத நிர்வாகம் வரும். திடீரென்று ஒரு விழிப்பு தட்டும்: அடடே, மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோமே!

அங்கே நில்லுங்கள். அந்த "அடடே"தான் இந்தப் பயிற்சியிலேயே விலை மதிப்புள்ள நொடி. ஹாரன் சத்தத்திலிருந்து நிர்வாகம் வரை உங்களை இழுத்துக்கொண்டு போனது பழக்கம். அதிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தது கவனம். இந்த நொடியில் பெரும்பாலானவர்கள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்: "இரண்டு நிமிடம்கூட உட்கார முடியவில்லையே." அந்தத் திட்டும் இன்னொரு எண்ணம்தான், அதையும் பாதியில் விடலாம். நிர்வாகத்தோடு போட்ட சண்டையை முடித்துவிட்டு வருகிறேன் என்று இருக்க வேண்டாம். வாக்கியத்தின் நடுவிலேயே விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் இருபது தடவை ஓடி இருபது தடவை திரும்பினால், இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டில் போன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுகிறது. நாம் காதைப் பொத்திக்கொள்வதும் இல்லை, ஓடிப்போய் எடுப்பதும் இல்லை. அடித்து ஓய்கிறது. எண்ணத்தோடும் அந்த அளவு உறவு போதும்.

இதைப் பிராணாயாமத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம்: இழுக்கிறோம், நிறுத்துகிறோம், விடுகிறோம். இங்கே மூச்சு தன் போக்கில் போகிறது, நாம் உடன் இருக்கிறோம். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த உபதேச உரைகளில் இதற்கான வழிமுறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாக இருக்கிறது: நீண்ட மூச்சு இழுத்தால் நீண்ட மூச்சு இழுக்கிறேன் என்று அறிய வேண்டும், குறுகிய மூச்சானால் குறுகியது என்று அறிய வேண்டும். அப்புறம் அதே அறிதலை நடப்பதற்கும், நிற்பதற்கும், உண்பதற்கும், உடுப்பதற்கும் விரித்துக்கொண்டு போகிறது. இன்று "மனநிறை கவனம்", "மைண்ட்ஃபுல்னெஸ்" என்றெல்லாம் பல பெயரில் செயலிகளாகவும் வகுப்புகளாகவும் கிடைப்பதற்கு வேர் அங்கேதான்.

மருத்துவமனைக்குள் அதைக் கொண்டுபோனவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். முதலில் வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு, மருத்துவத்தால் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள். மதம், மந்திரம், குரு எதுவும் அதில் இல்லை. அந்தப் பயிற்சியின் ஆரம்ப வகுப்பில் ஆளுக்கு ஒரு உலர் திராட்சை கொடுப்பார்கள். நம் வீட்டிலும் செய்து பார்க்கக்கூடியது என்பதால் சற்று விவரமாகவே சொல்கிறேன்.

பாயசத்துக்கு வாங்கி வைத்திருக்கும் திராட்சையில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். இதற்கு முன் இப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பாருங்கள். சுருக்கங்களில் சில பள்ளமாக, சில மேடாக. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு ஓரம் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். ஒரு முனையில் காம்பு இருந்த இடம் சின்ன வடுவாகத் தெரியும். விரலால் உருட்டுங்கள், லேசாகப் பிசுபிசுக்கும். காதருகே வைத்து நசுக்கினால் மெல்லிய நொறுநொறு சத்தம்கூடக் கேட்கலாம். மூக்கருகே கொண்டுபோகும்போதே வாயில் எச்சில் ஊறிவிடுகிறது. நீங்கள் இன்னும் எதையும் சாப்பிடவில்லை. நாக்கில் வைத்துக் கடிக்காமல் காத்திருங்கள். கடிக்க வேண்டும் என்ற உந்துதல் எழுவது தெரியும். அப்புறம் ஒரே ஒரு கடி. இனிப்பு எந்தப் பக்கம் முதலில் பரவுகிறது என்று கவனியுங்கள். ஒரே ஒரு திராட்சைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டுக்கொண்ட காலத்தில் இதில் எதையாவது ருசித்தோமா என்ற கேள்வி தானாக வரும்.

இதுவரை சொன்னது கவனம் பற்றி. மௌனம் எங்கே வருகிறது?

வாயை மூடுவது வெளி மௌனம். அது உதவுகிறது, ஆனால் முதலில் உள்ளே இரைச்சலைக் கூட்டிவிடும். பேசாமல் தங்கித் தியானம் பழகும் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இந்த முறையை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் எஸ். என். கோயங்கா. பர்மாவில் மாண்டலே நகரில் 1924இல் பிறந்த வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப்போய், 1955இல் ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்றார். அந்த ஊ பா கின் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த அரசு அதிகாரி. இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வதுண்டு: குடும்பமும் ஆபீசும் கோப்புகளும் உள்ள ஒருவர் கற்றுக்கொடுத்த வழி இது. கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தலைமை மையம் உருவானது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது.

அங்கே போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு, சைகை, எழுத்து, வாசிப்பு எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு கண் ஜாடைகூடக் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், ஏதாவது தேவையென்றால் ஊழியரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சைக் கவனிப்பது மட்டுமே வேலை. வெளியே பேச்சு நின்றதும் உள்ளே பேச்சு பெருகும். சாம்பாரில் உப்பு குறைந்ததைப் பற்றிக்கூட மனம் அரை மணி நேரம் பேசும், ஏனென்றால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. எப்போதோ இறந்துபோன பெரியப்பா வருவார். பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டு ஒன்று மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தப் பேச்சு புதிதாக வந்தது இல்லை; எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததுதான். மற்ற சத்தங்கள் அடங்கியதால் இப்போது காதில் விழுகிறது.

எண்ணத்தை விட்டு மூச்சுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தால், எண்ணங்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு எண்ணம் முடிந்துவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம், தரையின் குளிர்ச்சி, மூச்சு எல்லாம் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். அவற்றைப் பற்றிப் பேசும் குரல் மட்டும் இருக்காது. உள் மௌனம் என்பது இதுதான். நாம் உண்டாக்கும் பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை. இரைச்சலுக்கு நாம் துணை போகாதபோது மீதி இருப்பது அது. சத்தமே கேட்காத ஊர் தேடிப் போக வேண்டும் என்று அவசியமும் இல்லை.

தமிழ்நாட்டில் மௌனம் என்றதும் நினைவுக்கு வருபவர் ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலை வந்துசேர்ந்தார். வந்த காலத்தில் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் அதை மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரோ பின்னாளில், விரதம் எதுவும் எடுக்கவில்லை, பேசத் தோன்றவில்லை என்றார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் விரூபாட்சக் குகைக்கு வந்து கேள்விகள் கேட்டபோது, எழுதித்தான் பதில் சொன்னார். அந்தப் பதில்களிலிருந்து உருவான உபதேசத்தில் ஆரம்பக்காரருக்கு வேண்டிய ஒரு குறிப்பு இருக்கிறது: எண்ணம் எழுந்தால் அதைப் பூர்த்தி செய்ய முயலாமல், இது யாருக்கு எழுந்தது என்று பார்க்கச் சொல்கிறார். பர்மிய வழியில் மூச்சுக்குத் திரும்புகிறோம். ரமணர் வழியில் "நான்" என்ற இடத்துக்கே திரும்புகிறோம். போகும் இடம் வேறு. ஆனால் எண்ணத்தைப் பூர்த்தி செய்யாமல் விடுவது இரண்டிலும் முதல் படி. உரத்த குரலில் எண்ணங்களோடு போராடச் சொல்லும் உபதேசங்களைவிட இந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ மடங்கு உதவியிருக்கிறது.

இந்த மௌனத்தால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். உடம்பு சார்ந்த ஒரு சின்னத் தகவல்: இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி இசை கேட்பவர்களின் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் அளந்து 2006இல் ஆய்வு வெளியிட்டார். பாட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் அமைதி வைத்திருந்தார். இசை ஆரம்பிக்கும் முன் இருந்ததைவிட அந்த அமைதியில்தான் உடம்பு தளர்ந்திருந்தது.

ஆனால் என் கணக்கில் பெரிய பயன் வீட்டுக்குள் கிடைப்பது. ஒருவர் பேசும்போது நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் முடித்ததும் சொல்ல வேண்டியதை உள்ளே தயார் செய்துகொண்டிருப்போம். அம்மா ஏற்கெனவே சொன்ன கதையைத் திரும்பச் சொல்லும்போது "இதைத்தான் போன வாரமே சொன்னீங்களேம்மா" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். பாதியில் விடப் பழகியவருக்கு, அந்த வாக்கியம் உருவாவது தெரியும். தெரிந்தால் விடலாம். விட்டுவிட்டுக் கேட்டால், இந்த முறை அம்மா கதையில் ஒரு புதுப் பெயரைச் சேர்த்திருப்பது காதில் விழும். கோபமும் அப்படித்தான். கோபம் வராமல் போகாது. ஆனால் முதல் சூடு நெஞ்சில் பரவுவதற்கும் வார்த்தை வெளியே வருவதற்கும் நடுவே ஒரு மூச்சு அளவு இடம் கிடைக்கிறது. எத்தனை குடும்பங்களில் அந்த ஒரு மூச்சு இல்லாமல் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது!

தியானம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஓரளவு பலன் என்பதே நல்ல செய்திதான், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். யாருக்கும் தியானத்தால் சிரமம் வராது என்பதும் சரி கிடையாது. நீண்ட நேரம் தீவிரமாக உட்காரும்போது சிலருக்குப் பயம், தூக்கமின்மை, பழைய அதிர்ச்சிகள் மேலெழுவது போன்றவை நேர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதனால் எடுத்த எடுப்பில் பத்து நாள் முகாமுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் வீட்டில் தினமும் பத்து நிமிடம். காலையில் போனைத் தொடும் முன் உட்கார்ந்தால் ஓடுவதற்கு மனத்துக்குத் தீனி குறைவாக இருக்கும். சாப்பிட்ட உடனே வேண்டாம், தூக்கம் தள்ளும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள், அல்லது எழுந்து வராந்தாவில் பாதம் படுவதைக் கவனித்தபடி மெதுவாக நடங்கள். கால் மரத்தால் மாற்றி உட்காரலாம். மாற்றுவதற்கு முன் மரத்துப்போவது எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மாற்றுங்கள். இன்று நன்றாக வந்ததா என்று மதிப்பெண் போடாதீர்கள். இது ஓரிரு மாதம் நிலைத்த பின் முகாம் பற்றி யோசிக்கலாம். மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது. முகாமுக்கு விண்ணப்பிக்கும்போது உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காதோ என்று எதையும் மறைக்காமல் எழுதுங்கள். உட்காரும்போது தாங்க முடியாத கலக்கம் வந்தால் கண்ணைத் திறந்துவிடலாம், எழுந்துபோய் யாரிடமாவது பேசலாம். நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.